மலை ஊர்ல பஜ்ஜி ஏன் எண்ணெய் குடிக்குது? மாஸ்டர் பதில்கள்

நீலகிரியிலயும் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடர்லயும் இருக்கிறவங்க எண்ணெய்ப் பலகாரம் பத்தி அனுப்பின கேள்விகளும், எண்ணெய்ச் சட்டி வேலை தெரிஞ்ச மாஸ்டர் சொன்ன பதில்களும் இங்க இருக்கு.

ஊட்டியிலிருந்து: மாஸ்டர், மேட்டுப்பாளையத்துல அம்மா வீட்டுல போடுற அதே மாவு, அதே அளவுதான். அங்க பஜ்ஜி நல்லா வருது. இங்க மேல செவந்து போயிடுது, உள்ள வாழைக்காய் நறுக் நறுக்குன்னு வேகாம இருக்கு. ஏன்?

உங்க கைப்பக்குவத்துல குறை இல்லம்மா, உயரம்தான் காரணம். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கீழ இருக்கிறதுல முக்கால் பங்குதான். அதனால தண்ணி 100 டிகிரிக்குப் பதிலா 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். எண்ணெய் 170 டிகிரி இருந்தாலும், காய்க்குள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் காயோட சூடு அந்த 92, 93-ஐத் தாண்டாது. காய் மெதுவா வேகும். மேல் மாவோட ஈரமோ சீக்கிரம் பறந்துடும், அதனால மாவு முந்திக்கிட்டு செவக்கும்.

ரெண்டு மாத்தம் பண்ணுங்க. எண்ணெய்ச் சூட்டைக் கீழ வைக்கிறதை விட 10 டிகிரி குறைச்சு, 160 பக்கம் வைங்க. வாழைக்காயை 2 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா சீவாதீங்க. உருளைக்கிழங்குன்னா சீவின வில்லைகளை உப்பு போட்ட கொதிதண்ணியில ரெண்டு நிமிஷம் விட்டு எடுத்து, துணியில ஈரம் போக ஒத்தி, அப்புறம் மாவுல தோய்ங்க. போண்டாவுக்கு உள்ள வைக்கிற கிழங்கை குக்கர்லதான் வேக வைக்கணும். குக்கருக்குள்ளயும் சூடு கீழ் ஊரை விடக் கொஞ்சம் கம்மிதான், ஒரு விசில் கூடுதலா விடுங்க.

குன்னூரிலிருந்து: 160 டிகிரின்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது? எங்க வீட்டுல தெர்மாமீட்டர் எல்லாம் இல்ல.

ஒரு சொட்டு மாவை விடுங்க. அடியில போய் உக்காந்து, மனசுக்குள்ள மூணு எண்றதுக்குள்ள மேல வந்தா சரியான சூடு. அடியிலயே கிடந்தா காயல. விழுந்த உடனே மேலயே நின்னு செவந்தா சூடு அதிகம். கரண்டிக் காம்பை விட்டுக் குமிழ் பாக்கிற பழக்கம் இருக்கில்ல, அதை மட்டும் முழுசா நம்பாதீங்க. இங்க தண்ணி சீக்கிரம் ஆவியாகிறதால எண்ணெய் காயுறதுக்கு முன்னாடியே குமிழ் வந்துடும்.

சமையல் தெர்மாமீட்டர் வாங்கினா முதல்ல கொதிக்கிற தண்ணியில விட்டுப் பாருங்க. குன்னூர்ல 94 பக்கம் காட்டணும். 100 காட்டலையேன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அது சரியாத்தான் காட்டுது.

கோத்தகிரியிலிருந்து: எவ்வளவு வடிச்சாலும் என் பஜ்ஜியைப் புழிஞ்சா எண்ணெய் சொட்டுது. பேப்பர் மேலதான் போடுறேன். என்ன பண்ணணும்?

எண்ணெய் எப்ப உள்ள போகுதுன்னு தெரிஞ்சாப் பாதி வேலை முடிஞ்சுது. சட்டியில வேகுறப்ப உள்ள இருந்து நீராவி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், எண்ணெய்க்கு உள்ள நுழைய வழி கம்மி. வெளிய எடுத்ததும் பலகாரம் ஆறுது, உள்ள இருக்கிற ஆவி சுருங்குது, மேல ஒட்டியிருக்கிற எண்ணெயை அது உள்ள இழுத்துக்குது. பெரும்பங்கு எண்ணெய் ஏறுறது அப்பத்தான். நம்ம ஊர் குளிர்ல ஆறுறதும் வேகம், எண்ணெய் கெட்டியாகிறதும் வேகம்.

அதனால எடுத்த முதல் அரை நிமிஷம்தான் முக்கியம். ஜல்லிக்கரண்டியில எடுத்து, சட்டிக்கு மேலயே அந்தச் சூட்டுல வச்சு, ரெண்டு மூணு தடவை உதறி, 20 விநாடி பிடிங்க. அப்புறம் கம்பித் தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு படாம நிக்க வைங்க. பேப்பர் மேல குவிச்சா அடியில இருக்கிறது தன் ஆவியிலயே ஊறிப்போகும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மை சூடான எண்ணெயில கரைஞ்சு பலகாரத்துல ஏறும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதுல வச்சுக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு.

இன்னும் மூணு இடத்துல தப்பு நடக்கும். முதலாவது மாவுல தண்ணி. 200 கிராம் கடலை மாவு, 50 கிராம் அரிசி மாவுக்கு 220 மில்லியில ஆரம்பிங்க. காய் மேல படிஞ்சு மெதுவா வழியணும். நீர்த்த மாவு எண்ணெய் குடிக்கும், அரிசி மாவு குறைஞ்சாலும் குடிக்கும். ரெண்டாவது குளிர்ந்த மாவு. டிசம்பர், ஜனவரி குழாய்த் தண்ணியில கரைச்ச மாவு சட்டியில விழுந்தா எண்ணெய்ச் சூடு சடார்னு இறங்கிடும். வெதுவெதுப்பான தண்ணியில கரைங்க. மூணாவது, ஒரே தடவையில சட்டி நிறையப் போடுறது. எண்ணெய் மேல் பரப்புல பாதிக்கு மேல மூடக்கூடாது.

குளிர்ல சிலிண்டர்ல அழுத்தம் குறைஞ்சு தீயும் சோம்பலா எரியும், இறங்கின சூடு திரும்ப ஏற நேரமாகும். அதனால மெல்லிசான அலுமினியச் சட்டியை விட கனமான இரும்புச் சட்டி இங்க ரொம்ப உதவும். தீ எரியலைன்னு சிலிண்டர் மேல சுடுதண்ணி ஊத்துற வேலை கூடவே கூடாது, ஆபத்து.

ஊட்டியிலிருந்து: ஆப்ப சோடா எவ்வளவு போடணும்? போட்டா பஜ்ஜி உப்பி உடைஞ்சு போகுது.

மேல சொன்ன அளவு மாவுக்கு ஒரே ஒரு சின்னச் சிட்டிகை. காற்றழுத்தம் கம்மியான இடத்துல அதே சோடா கூடுதலா உப்பும், மாவுல ஓட்டை விழும், ஓட்டை வழியா எண்ணெய் ஏறும். சோடாவே போடாம ஒரு மேசைக்கரண்டி காய்ஞ்ச எண்ணெயை மாவுல ஊத்திக் கலந்தாலும் மொறுமொறுப்பு வரும். எனக்கு அதுதான் பிடிச்ச வழி.

குன்னூரிலிருந்து: சாயங்காலம் மழையும் பனியுமா இருந்தா கால் தானா பஜ்ஜிக் கடைப் பக்கம் இழுக்குது. நாலு சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்துது. இதை விடவே முடியாதா அண்ணா?

விட வேண்டாம் தம்பி, அளந்து சாப்பிடுங்க. குளிர்ல உடம்பு சூடா ஒண்ணு கேக்குறது இயல்பு. மசாலா வாசனையில பெரும்பகுதி கொழுப்புல கரையுற வாசனை, எண்ணெயில பொரிச்சாத்தான் அது முழுசா எழும்பும். அதுல ருசி கண்டா அது குத்தம் இல்ல.

உறுத்தல் வர்றது பெரும்பாலும் எவ்வளவு எண்ணெய் போச்சுன்னு தெரியாததால. வீட்டுல ஒரு தடவை அளந்து பாருங்க. சட்டியில 500 மில்லி ஊத்துங்க. பொரிச்சு முடிச்சு, நல்லா ஆறினதும் வடிகட்டி அதே குவளையில அளங்க. குறைஞ்சதைப் பஜ்ஜி எண்ணிக்கையால வகுங்க. 16 பஜ்ஜிக்கு 64 மில்லி குறைஞ்சிருந்தா ஒண்ணுக்கு 4 மில்லி. நாலு சாப்பிட்டா ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய 130 கலோரி எண்ணெயில இருந்து மட்டும். அன்னைக்கு ராத்திரி தோசைக்கு எண்ணெய் விடாம, குழம்புத் தாளிப்பைக் குறைச்சா கணக்கு ஓரளவு நேராகும். ஒண்ணுக்கு 8 மில்லி வந்துச்சுன்னா சாப்பிடுறவர் மேல பழி போடாதீங்க. பொரிச்ச விதம் தப்பு, மேல சொன்னதைத் திருத்துங்க.

இதய நோய், ரத்தக் கொழுப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க அளவை டாக்டர்கிட்ட கேட்டே முடிவு பண்ணணும். மத்தவங்களும் கவனமா இருக்க வேண்டியது பஜ்ஜியை விட அது வெந்த எண்ணெயிலதான். கடையில சட்டியைப் பாருங்க. எண்ணெய் கறுத்து, நுரை அடங்காம, காய்றதுக்கு முன்னாடியே புகைஞ்சா, எவ்வளவு ஆசையா இருந்தாலும் திரும்பி நடங்க.

கோத்தகிரியிலிருந்து: சின்னதா பலகாரக் கடை வச்சிருக்கேன் மாஸ்டர். எண்ணெயை எத்தனை நாள் வச்சுக்கலாம்? மாத்திக்கிட்டே இருந்தா கட்டுப்படியாகல.

நாள் கணக்கு இதுக்குச் சரிவராது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைஞ்சு, துருவச் சேர்மங்கள்ங்கிற வேண்டாத பொருள்கள் அதுல கூடும். அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலை 1 முதல் விதி. அதை அளக்கிற கருவி இருக்கு, ஆய்வுக்கு வர்ற அதிகாரிகள் வச்சிருப்பாங்க.

கட்டுப்படியாக வழி இருக்கு. பெரிய சட்டியில நிறைய எண்ணெய் ஊத்தி நாள் முழுக்கக் கொதிக்க விடாதீங்க, சின்னச் சட்டி போதும். கூட்டம் இல்லாத நேரம் அடுப்பை அணைச்சிடுங்க. விழுற மாவுத் துணுக்கை ஒவ்வொரு ஈடுக்கும் அரிச்சு எடுங்க, அதுதான் கருகி எண்ணெயைக் கெடுக்குது. உப்பையும் மசாலாவையும் சட்டிக்கு மேல தூவாதீங்க. ராத்திரி வடிகட்டி மூடி, வெளிச்சம் படாத இடத்துல வைங்க. பழைய எண்ணெய்ல புது எண்ணெய் ஊத்தி நிரப்புறது மிச்சம் பிடிக்கிற மாதிரி தெரியும், ஆனா பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்.

கழிச்ச எண்ணெயைச் சாக்கடையில ஊத்தாதீங்க. நம்ம குளிர்ல குழாய்க்குள்ளயே உறைஞ்சு அடைச்சுக்கும். பயோடீசல் தயாரிக்க அதை வாங்கிக்கிற ஏற்பாடு உணவுப் பாதுகாப்பு ஆணையத் திட்டத்துலயே இருக்கு, உங்க பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துல கேளுங்க.

கொடைக்கானலிலிருந்து: மலைப்பூண்டு போட்டுப் பக்கோடா பண்ணா கசக்குது.

பூண்டைப் பொடியா நறுக்கியிருப்பீங்க. வெங்காயம் வேகுறதுக்குள்ள அது கருகிக் கசக்கும். தோலோட ஒண்ணு ரெண்டா தட்டிப் போடுங்க, தோல் பூண்டைக் காப்பாத்தும். மலைப்பூண்டு காரமும் வாசனையும் கூடினது, 250 கிராம் வெங்காயத்துக்கு எட்டுப் பல் போதும். வெங்காயத்துல உப்புப் போட்டுப் பிசைஞ்சு பத்து நிமிஷம் விட்டா வர்ற நீரே மாவுக்குப் பத்தும். வேணும்னா தண்ணியைக் கையால தெளிங்க, ஊத்தாதீங்க.

ஊட்டியிலிருந்து: நம்ம தோட்டத்துக் கிழங்குதான். சிப்ஸ் போட்டா காப்பித் தூள் கலருக்குப் போயிடுது. எண்ணெய் புதுசுதான்.

கிழங்கு குளிர்ல கிடந்திருக்கும். 8 டிகிரிக்குக் கீழ வச்சா கிழங்குல இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாற ஆரம்பிக்கும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில கறுக்குது. உறைபனிக் காலத்துல வெளித் திண்ணையில போட்டு வச்சாலே போதும், இது நடக்கும். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் இதேதான்.

மூட்டையை வீட்டுக்குள்ள, அடுப்படிக்குப் பக்கத்துல வெளிச்சம் படாத இடத்துல ரெண்டு வாரம் வைங்க. 15, 18 டிகிரி கிடைச்சாப் போதும், சர்க்கரை பெருமளவு குறையும். அவசரம்னா சீவினதை அரை மணி நேரம் தண்ணியில ஊற வச்சு, ரெண்டு தடவை அலசி, துணியில முழுசா உலர்த்துங்க. முழுக்க சரியாகாது, கொஞ்சம் தேறும். நிறம் வெளிர் மஞ்சளா இருக்கிறப்பவே எடுத்துடுங்க. கருஞ்சிவப்பு ஆக ஆக அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருளும் கூடும். அப்பத்தான் தோண்டின இளங்கிழங்கு சிப்ஸுக்கு ஆகாது, நீர் அதிகம். அதை வறுவலுக்கு வச்சுக்குங்க.

கொடைக்கானலிலிருந்து: மெது வடை கல்லு மாதிரி வருது. உளுந்து ரெண்டு மணி நேரம் ஊறுது.

குளிர்ல ரெண்டு மணி நேரம் பத்தாது. வெதுவெதுப்பான தண்ணியில மூணு மணி நேரம். அதுக்கு மேல விட்டா எண்ணெய் குடிக்கும். தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அரைங்க. ஒரு துளி மாவைத் தண்ணியில போட்டா மிதக்கணும். மிதக்கலைன்னா கையால ஒரே பக்கமா அஞ்சு நிமிஷம் அடிங்க. வடை மாவைப் புளிக்க விடாதீங்க.

கூடலூரிலிருந்து: பழம்பொரி இங்க நல்லா வருது. ஊட்டியில அக்கா வீட்டுல போட்டா சீக்கிரம் கறுத்துடுது. தேங்காய் எண்ணெய்தான் ரெண்டு இடத்துலயும்.

கூடலூர் சுமார் 1,100 மீட்டர்தான், ஊட்டியில பாதி உயரம். ஊட்டியில தீயைக் குறைச்சு, பழத்தை இன்னும் மெல்லிசா சீவச் சொல்லுங்க. முழுக்கக் கறுத்துக் கனிஞ்ச நேந்திரம்பழத்துல சர்க்கரை அதிகம், அங்கங்க புள்ளி விழுந்த மஞ்சள் பழம் போதும். மாவுல சர்க்கரை சேர்க்கவே வேண்டாம்.

இன்னொண்ணு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். ஊட்டியில ஆறின பழம்பொரி வாயில மெழுகா ஒட்டுறது அதனாலதான். வனஸ்பதியில பொரிச்சதும் அப்படித்தான் ஒட்டும். ஆற வச்சுத் திங்கிற பலகாரத்துக்கு இங்க கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் நல்லது. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், நுரைக்கும், அதைத் தாளிக்க வச்சுக்கலாம்.

குன்னூரிலிருந்து: ஏர் ஃப்ரையர்ல பஜ்ஜி போடலாமா?

மாவு வழிஞ்சு ஓடிடும், வராது. ஆறின பஜ்ஜியைச் சூடு பண்ண அருமையா இருக்கும், 170 டிகிரியில நாலு நிமிஷம். மைக்ரோவேவ்ல வச்சா தோல் மாதிரி ஆயிடும்.

கொடைக்கானலிலிருந்து: வத்தலகுண்டுல இருக்கிற மகனுக்குப் போண்டா கொண்டு போகணும். பஸ்ல மூணு மணி நேரம். நமத்துப் போகாம எப்படி?

முழுசாப் பொரிச்சுக் கொண்டு போனா எந்த டப்பாவுலயும் நமக்கும்மா. முக்கால் பதம், மேல வெளிர் மஞ்சளா இருக்கிறப்பவே எடுத்து, கம்பித் தட்டுல முழுசா ஆற விடுங்க. ஆறினப்புறம்தான் தையல் இலையில சுத்தி டப்பாவுல வைக்கணும், சூடா மூடினா ஆவி தண்ணியாச் சொட்டும். கிழங்கு மசாலாவுல தேங்காய் சேர்க்காதீங்க, கீழ இறங்க இறங்க வெயில்ல கெட்டுடும். அங்க போனதும் நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில ஒரு நிமிஷம். வத்தலகுண்டுல 175 டிகிரி வரைக்கும் தாராளமா வைக்கலாம்.