கிராஸ்-கன்ட்ரி சைக்கிளோடு விஸ்லருக்குப் போகலாமா?

கேள்வி: டொரன்டோவில் இருக்கிறேன். நான்கு வருடமாக வார இறுதிகளில் டான் வேலி காட்டுப்பாதைகளில் மலை சைக்கிள் ஓட்டுகிறேன். என்னுடையது 29 அங்குலச் சக்கரம் கொண்ட கிராஸ்-கன்ட்ரி ஹார்ட்டெயில், அதாவது பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாதது. முன் ஃபோர்க் 100 மி.மீ. அமுங்கும், பிரேக் டிஸ்க் இரண்டும் 160 மி.மீ. ஆகஸ்டில் நண்பர்களோடு விஸ்லர் பைக் பார்க் போகிறோம், லிஃப்டில் ஏறி மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் இடம். அவர்கள் அங்கே டவுன்ஹில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகை கையைக் கடிக்கிறது. என் சைக்கிளிலேயே இறங்கினால் என்ன? 140 மி.மீ. ஃபோர்க் மாட்டிவிட்டால் போதுமா?

முதலில் ஃபோர்க் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். 100 மி.மீ. ஃபோர்க்குக்கு என்று கணக்குப் போட்டுச் செய்த ஃபிரேம் அது. சில ஃபிரேம்கள் 120 வரை தாங்கும். 140 என்பது வேறு ரகம். ஃபோர்க் நீள நீள, அது தான் நுழைந்திருக்கிற ஹெட் டியூபை, அதாவது ஃபிரேமின் முன்குழாயை, கடப்பாரை மாதிரி நெம்பும். அங்கே விரிசல் விட்டால் வாரன்டியும் கைவிரித்துவிடும். முன்பக்கம் தூக்கி, பெடல் அச்சும் உயர்ந்து, வளைவில் சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்காது. வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் ஃபிரேமுக்கு வேட்டு வைத்த கதையாகும்.

இருக்கிற சைக்கிளில் அப்படியே இறங்கலாமா என்றால், பச்சை (எளிது), நீலக் (நடுத்தரம்) குறியிட்ட பாதைகளில் இறங்கலாம். மலை சைக்கிளின் கதையே ஓர் இறக்கத்தில் தொடங்கியதுதானே. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள் கனமான பழைய சைக்கிள்களை ஒரு செங்குத்தான மண்பாதையில் உருட்டிவிட்டுப் பந்தயம் ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் அவற்றில். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். அதைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது திரும்ப அடைப்பது, என்று பெயர் விழுந்தது. சஸ்பென்ஷன் இல்லாததை அவர்கள் சமாளித்தார்கள். பிரேக் சூட்டை அவ்வளவு சுலபமாகச் சமாளிக்க முடியவில்லை. உங்களுக்கும் முதல் பிரச்சினை அதுதான்.

டான் வேலியில் சற்று இறங்குவீர்கள், உடனே ஏறுவீர்கள். அந்த ஏற்றத்தில் டிஸ்க் ஆறிவிடும். விஸ்லரில் ஏற்றுவது லிஃப்ட், உங்கள் வேலை இறங்குவது மட்டும். கீழ்ப் பகுதியிலேயே பத்துச் சுற்று போனாலும் ஒரே நாளில் 3,000 மீட்டரை ஒட்டி இறங்கியிருப்பீர்கள். ஊட்டி மலைப்பாதையில் லாரிக்காரர்கள் கியரைக் குறைத்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அது பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சைக்கிளில் அந்த வசதி இல்லை. எல்லாச் சூடும் டிஸ்க்குக்குத்தான். நான் முதன்முதலாக ஒரு லிஃப்ட் பார்க்குக்கு 160 டிஸ்க்கோடு போன நாளில், நாலாவது சுற்றில் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்துப் புதர்தான் நிறுத்தியது. இன்றைக்குச் சிரிக்கலாம், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆகவே செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள். முன் டிஸ்க்கை 180 ஆக்குங்கள். ஒரு அடாப்டரும் டிஸ்க்கும்தான், வாடகையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஃபோர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள். பிரேக் பேட் மெட்டல் ரகமாக இருந்தால் சூட்டை அதிகம் தாங்கும். ஆனால் விலை குறைந்த டிஸ்க்குகள் சிலவற்றில் ரெசின் என்ற மென்மையான ரகப் பேட் மட்டுமே போடச் சொல்லி எழுதியிருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும். பிரேக் ஆயில் மாற்றி வெகுநாள் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, ஏறக்குறைய நிற்கும் வரை பிரேக்கைப் பிடித்து, பிறகு விடுங்கள். இதை இருபது தடவையாவது செய்தால்தான் பேட் டிஸ்க்கோடு படியும்.

ஓட்டும்போது பிரேக்கை லேசாக உரசவிட்டுக்கொண்டே வருவதுதான் புதியவர்களின் வழக்கம், சூடேற்றுவதும் அதுதான். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் வளைவுகளுக்கு முன்னால் மண் அலை அலையாகக் குழி விழுந்திருக்கும், எல்லோரும் அங்கேதான் பிரேக் பிடிப்பார்கள். 200 மி.மீ. சஸ்பென்ஷனில் வருகிற உங்கள் நண்பர்களுக்கு அது தெரியவே தெரியாது. உங்களுக்குக் கையும் முழங்காலும் எண்ணிச் சொல்லும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள். பாதையில் நிற்காமல், மேலிருந்து வருபவர் கண்ணில் படும்படி ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

அடுத்தது குப்புற விழுவது. டவுன்ஹில் சைக்கிளின் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) 63 டிகிரியை ஒட்டி இருக்கும். அதாவது ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து, முன்சக்கரம் உங்களுக்கு வெகுதூரம் முன்னால் ஓடும். உங்களுடையது அநேகமாக 68, 69. சக்கரம் கைக்குக் கீழேயே இருக்கிற மாதிரி. போதாக்குறைக்கு ஹார்ட்டெயிலில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மட்டும் அமுங்கும், பின்பக்கம் அமுங்காது. அந்தக் கோணம் இன்னும் நிமிர்ந்துவிடும். பிரேக்கோடு ஒரு கல்லில் முட்டினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

இதற்கு மருந்தாகப் பலர் சொல்வது, பின்னால் தள்ளித் தொங்கு என்பது. நான் அதை ஏற்பதில்லை. அளவுக்கு மீறிப் பின்னால் போனால் முன்சக்கரத்தில் பாரம் இல்லாமல் வளைவில் வழுக்கும். பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பை இறக்குங்கள். பாரம் காலில் இருக்கட்டும், கை லேசாக இருக்கட்டும். அதற்குச் சீட் வழிவிட வேண்டும். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் ட்ராப்பர் போஸ்ட் இல்லையே என்று வருந்த வேண்டாம். லிஃப்ட் ஏற்றிவிடுகிற இடத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வேலையே இல்லை. காலையிலேயே சீட்டை உள்ளே போகிற மட்டும் இறக்கிப் பூட்டிவிடுங்கள்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய பந்தய டயர் கற்களில் கிழியும். முன்னால் மட்டுமாவது ஓரக் கட்டைகள் தடித்த 2.4 அங்குல டிரெயில் டயர் போடுங்கள். டியூப்லெஸ் ஆக்கி, காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 2, 3 பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். ஃபோர்க்கிலும் கொஞ்சம் காற்றைக் கூட்டி, அதை அமுங்காமல் பூட்டுகிற லாக்கவுட்டைத் திறந்துவிடுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது? கிராஸ்-கன்ட்ரி சைக்கிள்கள் பொதுவாக ‘வகை 3’ என்ற தரத்தில் வருபவை, ஃபிரேமிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். கரடுமுரடான பாதை, 61 செ.மீ.க்கு மிகாத குதிப்பு என்பது அதன் அர்த்தம். ‘ஈஸி டஸ் இட்’ என்ற பச்சைப் பாதையில் இரண்டு சுற்று, அப்புறம் நீலத்தில் ‘பி-லைன்’. ‘கிராங்க் இட் அப்’ என்ற நீலப் பாதையில் குதிமேடுகள் உண்டு, ஆனால் மேல் தட்டையான மேட்டைக் குதிக்காமலே மெதுவாக உருட்டிக் கடக்கலாம். நடுவில் பள்ளம் விட்ட மேடும், நேரே கீழே விழுகிற படியும் அப்படியல்ல. எந்தப் பாதையானாலும் முதல் சுற்று பார்ப்பதற்கு மட்டும்தான். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் பந்தயத்தில் மாத்யூ வான் டெர் போல் முதல் சுற்றிலேயே ஒரு பாறைப் படியில் விழுந்தார். பயிற்சியின்போது அங்கே இருந்த பலகை போட்டியிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்தக் கதி.

‘ஏ-லைன்’ கறுப்புப் பாதை, அதாவது கடினமானது. அதன் பெயர் உங்கள் நண்பர்கள் வாயில் அடிபடாமல் இருக்காது. அதற்கு உங்கள் சைக்கிள் வேண்டாம். கடைசி நாள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் டவுன்ஹில் சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் முதல் நாளிலிருந்தே வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு நாள் மாலையும் சைக்கிளைத் துடைக்கும் சாக்கில் ஹெட் டியூபைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால், மறுநாள் காலை அந்தச் சைக்கிள் லிஃப்டில் ஏறக் கூடாது.