பி.இ. 12 என்றதும் 'மலிவு' என்று எழுதிவிடாதீர்கள்

பி.காம். முடித்துவிட்டு பங்கு ஆய்வாளர் வேலைக்குப் போகிறவர்களிடம் தேர்வுச் சுற்றில் ஒரு நிறுவனத்தின் பத்தாண்டு பி.இ. (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த விகிதம்) அட்டவணையைப் போடச் சொல்வதுண்டு. நீங்கள் எண்ணெய்த் துறையைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சிக்கு ஹெல்மரிச் அண்ட் பெய்ன் பொருத்தம். அமெரிக்காவின் டல்சா நகரில் வளர்ந்த நிறுவனம். எண்ணெய் விற்பதில்லை, ரிக்கையும் (கிணறு தோண்டும் எந்திரம்) ஆட்களையும் அனுப்பிக் கிணறு தோண்டிக் கொடுத்து, நாள் கணக்கில் வாடகை வாங்குகிறது.

இதன் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. டிசம்பர் விலையைச் செப்டம்பர் லாபத்தால் வகுத்தால் முதல் வரியே தவறு. லாபத்துக்கு 10-கே என்ற ஆண்டறிக்கையில் உள்ள 'டைல்யூட்டட் இ.பி.எஸ்.' (இனி வரக்கூடிய பங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்ட, ஒரு பங்குக்கான லாபம்) எடுங்கள், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசம். விலைக்கு டிவிடெண்டைக் கழித்துத் திருத்திய விலை வேண்டாம். இந்த நிறுவனம் தாராளமாக டிவிடெண்ட் கொடுத்தது. திருத்திய விலையை எடுத்தால் பழைய ஆண்டுகளின் பி.இ. பொய்யாகக் குறைந்து நிற்கும்.

இனிதான் விஷயமே. 2014 செப்டம்பரில் விலை சுமார் 98 டாலர், இ.பி.எஸ். 6 டாலருக்கு மேல், பி.இ. ஏறக்குறைய 15. ஓராண்டில் விலை பாதியாகி 47-க்கு வந்தபோது பி.இ. 12. மலிவாகத் தெரிகிறதா? அடுத்த நிதியாண்டில் நிறுவனம் நட்டத்துக்குப் போனது. 2015 லாபத்தில் ஒரு பகுதி, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்த வாடிக்கையாளர்கள் கட்டிய தொகை. ரிக் சும்மா நின்றதற்கு வந்த பணம் அது! வேடிக்கை என்னவென்றால், நட்டம் காட்டிய 2016 செப்டம்பரில் பங்கு 67 டாலருக்கு ஏறியிருந்தது. சந்தை பழைய லாபத்தைப் பார்க்கவில்லை, வரப்போகும் வாடகையைப் பார்த்தது.

2018-இல் பி.இ. மறுபடி 16-க்குப் பக்கத்தில் வரும். அதை நம்பாதீர்கள். அமெரிக்க வரிச் சட்டம் மாறியதால் கணக்கில் ஒரே முறை சேர்ந்த சுமார் 50 கோடி டாலரைக் கழித்தால் அந்த ஆண்டு லாபம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

நட்ட ஆண்டுகளில் பூஜ்யம் போடாமல் 'பொருந்தாது' என்று எழுதுங்கள். பூஜ்யம் சராசரியைக் கெடுக்கும். சராசரியைவிட இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) மேல். பக்கத்திலேயே பேக்கர் ஹியூஸ் என்ற எண்ணெய்த் துறைச் சேவை நிறுவனம் வெளியிடும், வேலையில் இருக்கும் அமெரிக்க ரிக் எண்ணிக்கையை ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள்: 2014 செப்டம்பரில் 1,900-க்கு மேல், 2016 மே மாதத்தில் 404, 2020 ஆகஸ்டில் 244. பி.இ. இல்லாத ஆண்டுகளுக்குப் புத்தக மதிப்பு விகிதம் (விலையை ஒரு பங்குக்கான நிகரச் சொத்தால் வகுத்தது) போதும்.

அட்டவணைக்குக் கீழே மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள்: எந்த ஆண்டு லாபம் ரிக் ஓடியதால் வந்தது, எது ஒருமுறை வரவு, எது நட்டம். நேர்முகத்தில் கேள்வி பெரும்பாலும் அந்த மூன்று வரியிலிருந்துதான் கிளம்பும். என்.ஐ.எஸ்.எம். (தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம்) நடத்தும் ஆய்வாளர் தேர்வுக்கும் இப்போதே பதிந்துவிடுங்கள்.