கீமோ நாட்களில் அம்மாவுக்கு இரவில் வியர்த்துக் கொட்டுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

உங்கள் அம்மாவுக்கு 47 வயது, மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது, இரவில் இரண்டு மூன்று முறை தொப்பலாக நனைந்து எழுந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். "மருந்துச் சூடு, கெட்ட நீர் வெளியே போகிறது, நல்லதுதான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

விட்டுவிட வேண்டாம். முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அம்மாவின் தலைமாட்டில் வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கும் இதே நோய்தான், 43 வயதில் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு கீமோ, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. முதல் சில கீமோ மதுரையில் பங்குனி, சித்திரை வெயிலில் நடந்தன. இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் சாயங்காலம் லேசாகக் குளிர் எடுத்தது. என் அம்மா போர்வையைப் போர்த்திவிட்டு ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டியது. முதுகைத் துடைத்துவிட்டு, "வேர்த்துருச்சுடி, இனிமே காய்ச்சல் விட்டுரும்" என்றார். நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை அது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, தூங்கிவிட்டேன். நான்கு மணிக்குப் பல் கிட்டுகிற அளவுக்கு நடுக்கம். அளந்தபோது 102 டிகிரி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளணுக்கள் 700தான் இருந்தன. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். ஐந்து நாள் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

கிருமியை எதிர்க்கிற வெள்ளணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் கீமோ தாக்குகிறது. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகவும் கீழே இறங்கும். அந்தச் சமயத்தில் கிருமி தொற்றினால் சீழ், வீக்கம் என்று எதுவும் தெரியாமல் காய்ச்சல் மட்டுமே வரலாம். பாராசிட்டமால் அந்தக் காய்ச்சலையும் இறக்கி, வியர்க்க வைத்து, உள்ளே நடப்பதை மறைத்துவிடும். அதனால் வியர்வையோ குளிரோ வந்தால் மாத்திரைக்கு முன்னால் காய்ச்சலை அளந்துவிடுங்கள். 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடுக்கத்தோடு வியர்த்தால், காய்ச்சல் காட்டாவிட்டாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். அக்குளில் வைப்பதாக இருந்தால் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள், நனைந்த அக்குளில் குறைவாகக் காட்டும்.

சரி, காய்ச்சல் இல்லை, வியர்வை மட்டும் என்றால்? அம்மாவுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அத்தையோ சித்தியோ கேட்கட்டும். கீமோ சினைப்பைகளை முடக்கிவிடுவதால், இயற்கையாகப் பல வருடங்களில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் சில வாரங்களில் நடந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் திடீரென்று குறையும்போது, உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கிற மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கெல்லாம் "ஐயோ சூடு" என்று பதறி வியர்வையைத் திறந்துவிடுகிறது. எனக்கு நெஞ்சுக்குழியில் அனல் மாதிரி ஆரம்பித்து, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கி, உடனே குளிரும். கெட்ட நீர் வெளியேறுவது என்பதெல்லாம் இல்லை.

கீமோவோடு வாந்தி வராமலிருக்கக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் காரணமாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் முகம் சிவந்து, தூக்கம் வராமல், வியர்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் காலையிலேயே சாப்பிடலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னொன்றும் உண்டு. குமட்டலில் சாப்பிடாமல் மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, ஜில்லென்று வியர்க்கும். அப்போது க்ளூக்கோமீட்டரும் வேண்டும்.

வியர்வையைச் சமாளிப்பதில் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, புருவம். தலைமுடி கொட்டும் என்று தெரியும். புருவமும் இமைமுடியும் போன பிறகுதான், நெற்றியில் வடிகிற வியர்வை தடுப்பே இல்லாமல் நேராகக் கண்ணுக்குள் இறங்கும் என்று தெரிந்தது. உப்பு எரிச்சலில் கண்ணைத் திறக்க முடியாது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, நெற்றியைச் சுற்றி அகலமாக மடித்துக் கட்டிக்கொண்டேன். பல வருடம் துவைத்து நைந்த பருத்தி மாதிரி அந்தத் தோலுக்கு இதமானது வேறு எதுவும் இல்லை. மீதித் துணியைத் தலையணை மேல் இரண்டடுக்காக விரித்துவிடுவோம். நனைந்தால் மேலடுக்கை மட்டும் உருவிவிட்டுத் திரும்பப் படுக்கலாம், விளக்குப் போட வேண்டாம். மாற்று நைட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வியர்வை நின்ற பிறகு வருகிற குளிருக்கு ஒரு மெல்லிய போர்வையும் வேண்டும்.

மாலை ஆறு மணிக் காப்பியை விட்டபோது எனக்கு இரவு அனல் குறைந்தது. எல்லோருக்கும் காப்பிதான் என்றில்லை, சிலருக்குக் காரம், சிலருக்கு மூடிய அறை. அனல் கிளம்பும்போதே மெதுவாக, வயிறு எழும்பி இறங்க மூச்சு விடுவது எனக்கு உதவியது. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் குமட்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள்.

வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவச் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் தடவிக்கொண்டவள்தான். வெள்ளணு குறைந்திருக்கும்போது, சொறிந்து புண்ணான தோலில் எதையும் தடவ வேண்டாம். பவுடரும் மார்புக்கு அடியிலும் அக்குளிலும் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஒற்றித் துடைத்தால் போதும்.

துவைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். மருந்து ஏறிய முதல் 48 மணி நேரமாவது அது சிறுநீர், வாந்தி, வியர்வை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அப்போது நனைந்த துணிகளைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். அம்மாவைத் தொடவோ கட்டிப்பிடிக்கவோ பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்றவை இதற்காகக் கொடுக்கப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு இந்த அனலுக்காக ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை பொதுவாகக் கொடுப்பதில்லை. பின்னால், நோய் திரும்ப வராமலிருக்கக் கொடுக்கிற டாமாக்சிஃபென் மாத்திரையை ஆரம்பித்தால் அனல் மறுபடி கூடலாம். அதோடு பராக்ஸ்டின், ஃப்ளூவாக்ஸ்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் டாமாக்சிஃபெனின் வேலை குறையும் என்பதால், வேறு டாக்டர் எழுதுகிற மாத்திரையையும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "சூடு தணிக்கும்" என்று யாராவது கொண்டுவருகிற பொடி, லேகியத்தையும்தான்.

ஒரு நோட்டில் கீமோவுக்குப் பிறகு எத்தனையாவது நாள், எத்தனை மணி, எத்தனை டிகிரி என்று மட்டும் எழுதி வாருங்கள். எங்கள் வீட்டில் அதை எழுதியது எட்டாம் வகுப்பு படித்த என் மகள். ஃபேன் ரெகுலேட்டர் சத்தம் கேட்டதும் எழுந்துவந்து, தெர்மாமீட்டரை என் வாயில் வைத்துவிட்டு, இருட்டிலேயே உலர்ந்த துணியை மாற்றிப் போடுவாள்.