பதில்: ஞாயிறு ஓட்டமும் திருப்பலியும்

லுத்தரன் சபையில் (ஒரு புராட்டஸ்டன்ட் சபை) திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர், நெடுந்தூர ஓட்டக்காரர் நீங்கள். ஞாயிறு காலைப் பந்தயங்கள் இருப்பதால், ஞாயிறுதோறும் திருப்பலிக்கு (கத்தோலிக்க வழிபாடு) போக வேண்டிய கத்தோலிக்கராக முடியாதோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போனாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஞாயிறு மாலைத் திருப்பலியும் பல பங்குகளில் உண்டு. நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குவதற்கு முன் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். கட்டாய நோன்பு வருடத்தில் 2 நாள்தான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. அன்று மட்டும் கடும் பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.

உங்கள் திருமுழுக்கு செல்லும், மறுபடி கொடுக்க மாட்டார்கள். சான்றிதழை இப்போதே தேடி எடுத்துவையுங்கள். சபையில் சேர விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), முதல் நற்கருணை, இவ்வளவுதான். அதற்கு முன் பாவசங்கீர்த்தனமும், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்வதும், உண்டு (பலருக்கு அதுதான் உண்மையான பயம்!). ஈஸ்டர் வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருமுழுக்கு பெற்றவர்களை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். பந்தயம் இல்லாத மாதத்தைச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

அப்புறம், சக வீரர்கள் கிண்டல் செய்வார்களே என்றீர்கள். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த நூட் ராக்னியும் லுத்தரனாக வளர்ந்தவர்தான். அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலேயே பல வருடம் இருந்துவிட்டு 1925இல்தான் மாறினார். நீங்களும் அவசரப்பட வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.