வெயிலும் வேயும்

கேள்வி: சிமோன் வெயில் என்ற பிரெஞ்சுப் பெண் தத்துவவாதி தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தாராமே? அது அவருடைய சிந்தனையை எப்படி மாற்றியது? சுருக்கமாகச் சொல்லவும்.
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியிலிருந்து எழுதினால் வெயில் என்றுதான் வரும், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாள் வெயில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ஏறக்குறைய 'வேய்' என்பார்கள். பல வருடங்களுக்கு முன் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, 'சிமோன் வேய்' என்றே அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் மெய்ப்புத் திருத்துபவருக்கு அது பொறுக்கவில்லை. இதழ் வந்தபோது பதினோரு இடத்தில் 'வெயில்'. அதோடு விட்டாரா? '1943 ஆகஸ்டில் வெயில் மறைந்தார்' என்றால் திணை வழு என்று அதை 'மறைந்தது' ஆக்கியிருந்தார். வானிலைக் கட்டுரை அருமை என்று ஒரு கடிதமும் வந்தது. ஏன் சார் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "வேய்னா மூங்கில் சார். மூங்கில் எங்கேயாவது தத்துவம் பேசுமா?"

2017இல் இன்னொரு சிமோன் வேய் இறந்தார். அவர் பிரான்சின் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர். தொண்ணூறுகளில் வாயைத் திறந்தாலே பிரெஞ்சுப் பெயராக உதிர்த்துக்கொண்டிருந்த சிறுபத்திரிகை நண்பர் ஒருவர், நம் தத்துவவாதிக்கு இரங்கல் கட்டுரை எழுதிவிட்டார். 74 வருடம் தாமதம், சார் என்று ஒரு வரி போட்டேன். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை.

சரி, தொழிற்சாலை.

தோளுக்கு வேயை உவமை சொல்லியே நம் புலவர்கள் காலம் கழித்தார்கள். இந்த வேய்க்குக் கையும் தோளும் உதவவே இல்லை. சின்னக் கைகள், ஓயாத தலைவலி. பெண்கள் பள்ளியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவர் சொந்த ஆய்வுக்கென்று விடுப்பு எடுத்துக்கொண்டு, 1934 டிசம்பரில் பாரிசில் அல்ஸ்தோம் ஆலையில் சேர்ந்தார். பிறகு வேறொரு ஆலை, கடைசியாக ரெனோ கார் ஆலை. எண்ணிக்கைக் கூலி. இத்தனை துண்டு வெட்டினால் இத்தனை காசு. கெட்டுப்போன துண்டுக்கு ஒன்றும் கிடையாது. வேய் நிறையக் கெடுத்தார்.

கொஞ்ச நாள் அவரை உலை முன் நிறுத்தினார்கள். செம்புச் சுருள்களை உள்ளே தள்ளி எடுக்கும் வேலை. தீ நாக்கு கையைச் சுடும். எதிரே நீலக் கண்ணாடி போட்ட பற்றவைப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இவர் முகம் வலியில் சுருங்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து சோகமாக ஒரு புன்னகை செய்வார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தச் சிரிப்பு தனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்று தோழிக்கு எழுதினார் வேய்.

வேலைக்குப் போகும் முன்பே, விடுதலை பற்றியும் ஒடுக்குமுறை பற்றியும் நீளமாக எழுதி முடித்திருந்தவர் அவர். ஆலைக்குள் போனதும் கோபம் பொங்கியதா? இல்லை. வந்தது பணிவு, பொதிமாட்டின் பணிவு என்று அவரே சொல்கிறார். உத்தரவுக்குக் காத்திருக்கவே பிறந்தவள் போல ஆகிவிட்டாராம். அப்புறம் அந்தப் பேருந்து. ஒரு நாள் ஏறப் போகிறவருக்குத் திகைப்பு: அடிமையான நான் எல்லோரையும் போல 12 சூ காசு கொடுத்து இதில் போகலாமா? யாராவது கீழே இறக்கிவிட்டிருந்தால் அதுதான் இயல்பு என்று தோன்றியிருக்கும் என்று தன் ஆலைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். நீங்கள் கேட்ட 'எப்படி மாற்றியது' இதுதான். இதைவிடச் சுருக்கமாக எனக்குத் தெரியாது.

தொழிலாளர் பெயரால் ரஷ்யப் புரட்சியை நடத்திய லெனினும் ட்ராட்ஸ்கியும் ஒரு ஆலைக்குள் கால் வைத்திருப்பார்களா என்றும் அதே தோழியிடம் கேட்டார். சும்மா கேட்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் ட்ராட்ஸ்கியைப் பெற்றோரின் அடுக்ககத்தில் தங்கவைத்து, அவரோடு உரக்கச் சண்டையும் போட்டிருந்தார். நம் ஊரில் தொழிலாளர் பற்றி எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வியை நான் கேட்பதாக இல்லை. இருக்கிற நண்பர்களாவது மிஞ்சட்டும்.

அண்ணன் ஆந்த்ரே பெரிய கணித மேதை. 1930 முதல் இரண்டு வருடம் அலிகாரில் பேராசிரியராக இருந்தார். நிஜ வெயில் அவருக்குத்தான் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கும் அதே மெய்ப்புத் திருத்துபவர்தான். எங்காவது 'சிமோன் கோடை' என்று கண்ணில் பட்டால் எனக்கு எழுத வேண்டாம், அவருக்கே எழுதுங்கள்.