பலூன் காற்றும் மரத்துப்போன கால்களும்

சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஒக்சைட் பற்றி இந்த முறை சிலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உப்புவெளியில் ஹோட்டல் வேலை. தங்க வந்தவர்களோடு சேர்ந்து பலூனில் காஸ் இழுக்கப் பழகி, மூன்று மாதமாகக் கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும். இப்போ ரெண்டு காலும் மரத்துப் போகுது. கடற்கரை மணலில் நடந்தால் பஞ்சில் நடக்கிற மாதிரி. நேற்றுச் செருப்பு கழன்று போனதே தெரியல.

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். குறைத்துக்கொள்கிறேன் என்ற கதையே வேண்டாம். இந்த வாயு விற்றமின் பி12-க்குள் இருக்கிற கோபால்ட்டை ஒட்சியேற்றி, அந்த விற்றமினை வேலைக்கு உதவாமல் ஆக்கிவிடுகிறது. வயரைச் சுற்றி பிளாஸ்டிக் இருக்கிற மாதிரி நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது, அது கெடாமல் இருக்க பி12 வேண்டும். அது செயலிழந்தால் கைகால் நரம்புகளும் பாதிக்கப்படும், முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற முண்ணாணின் பின்பக்கமும் பாதிக்கப்படும். கால் எங்கே இருக்கிறது, எதை மிதிக்கிறது என்று மூளைக்குச் சொல்லுகிற பாதை அந்தப் பின்பக்கத்தில்தான் போகிறது. செருப்பு கழன்றது உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதா? இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நாளைக்கே வைத்தியரிடம் போய் காஸ் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனையே போகாது. நடக்க முடியாமல் போனால், சிறுநீர் கழிக்கக் கஷ்டமாக இருந்தால், நாளை வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி. அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம், பிரேக்கில் கால் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது.

மகன் லண்டனில். சின்ன வயதில் இருந்தே சூடையும் நெத்தலியும் இல்லாமல் சோறு இறங்காது. பி12 பரிசோதித்தார்களாம், அளவு சரியாம். ஆனால் நடக்கும்போது தடுமாறுகிறான். காஸ் பாவித்ததை இப்போதுதான் சொன்னான்.

அம்மா, மீன் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் மீனிலிருந்து சேர்ந்த பி12-ஐயும் இந்த வாயு விட்டுவைக்காது. இரத்தத்தில் எவ்வளவு பி12 இருக்கிறது என்றுதான் அந்தப் பரிசோதனை காட்டும், அது வேலை செய்கிறதா என்று காட்டாது. அதற்கு, பி12 வேலை செய்யாதபோது உடம்பில் கூடுகிற ஹோமோசிஸ்டீனும் மெத்தைல்மலோனிக் அமிலமும் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ எடுத்தால் சிலருக்குக் கழுத்துப் பகுதி முண்ணாணில் கவிழ்த்த 'வி' மாதிரி ஒரு வெள்ளை அடையாளம் தெரியும், தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. 2023 நவம்பரிலிருந்து பிரித்தானியாவில் இது சி வகுப்புப் போதைப்பொருள், அதனால் பயந்துபோய் வைத்தியரிடம் மறைத்துவிடப் போகிறான். வைத்தியர் கேட்பது வைத்தியம் செய்வதற்குத்தான், பொலிசில் பிடித்துக் கொடுக்க அல்ல. போனில் ஏசாதீர்கள் அம்மா, ஏசினால் அடுத்த முறை உங்களிடமும் சொல்ல மாட்டான்.

முதலே பி12 குளிசை போட்டுவிட்டு இழுத்தால்?

காப்பாற்றாது. ஒரு பக்கம் குளிசை, மறுபக்கம் காஸ் என்றால் ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பி12 இல்லாமல் அதைத் தனியாக எடுத்தால் நரம்புப் பாதிப்பு கூடவும் கூடும்.

கேக்குக்குக் கிரீம் அடிக்க இந்தக் காஸ் அடைத்த சின்ன சிலிண்டர் பாவிக்கிறேன். சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்தா?

இல்லை அக்கா, பயப்படாமல் செய்யுங்கள். சிலிண்டர்களை மட்டும் பூட்டி வையுங்கள்.

பல்லுக்கும் பிரசவத்துக்கும் இதே வாயுவைக் கொடுக்கிறார்களே?

ஒட்சிசனோடு கலந்து, கொஞ்ச நேரம், பக்கத்தில் ஆள் நின்று கொடுப்பது அது. பி12 குறைபாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும், நீரிழிவுக்குப் பல வருடமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

தம்பிக்கு ஊசி தொடங்கிவிட்டது. பழையபடி நடப்பானா?

காஸை முழுதாக விட்டு, பி12 ஊசியை வைத்தியர் சொன்னபடி தவறாமல் போட்டால் பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். கிழமைகள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்கு விரல் நுனி மரப்பு மிஞ்சிவிடுகிறது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். பிசியோதெரபியை இடையில் விட்டுவிடாதீர்கள். இரவில் பாத்ரூமுக்கு எழும்பினால் முதலில் லைட்டைப் போடச் சொல்லுங்கள், இப்போதைக்குக் கால் சொல்ல வேண்டியதைக் கண்தான் பார்த்துச் சொல்கிறது, இருட்டில் விழுந்துவிடுவான்.