நிற்கும்போது மட்டும் சைலன்சர் கடகடக்கிறது: முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு எட்டு வயது. சிக்னலில் நின்றால் அடியில் 'கடகட' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கன்வர்ட்டரோடு (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) சேர்த்து சைலன்சர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். செய்துவிடலாமா?

பதில்: தூக்கிப் பார்க்காமல் சொன்ன எஸ்டிமேட்டுக்குத் தலையாட்ட வேண்டாம். மிதித்தால் நிற்கிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வண்டி நிற்கும்போது, அதாவது ஐடிலில், இன்ஜின் சுமார் 700 முதல் 900 ஆர்பிஎம்மில் ஓடும். கழன்ற தகடு ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேகத்து அதிர்வுக்குத்தான் ஆடும்; வேகம் மாறினால் அடங்கிவிடும். அதனால் என் முதல் சந்தேகம் ஹீட் ஷீல்டு மேல். புகைக்குழாயையும் கன்வர்ட்டரையும் ஒட்டி இருக்கும் மெல்லிய தகடு அது. போல்ட் இருக்கும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகிவிடும், தகடு தொங்கும்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு (கன்வர்ட்டரின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும், விளையாட்டில்லை) கையுறை போட்டுக்கொண்டு, எட்டுகிற இடத்தில் தகட்டைத் தட்டிப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் ஆள் சிக்கிவிட்டான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். கை எட்டாவிட்டால் வண்டியை லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு துருப்பிடிக்காத கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். சிலர் "இது எதுக்கு சார்" என்று தகட்டையே பிடுங்கிப் போடுவார்கள். விடாதீர்கள். அடித்தளம், ஒயரிங், பெட்ரோல் பைப் இவற்றுக்குச் சூடு போகாமல் காப்பது அதுதான்.

தகடு உறுதியாக இருந்தால் அடுத்தது கன்வர்ட்டர். ஆறியபின் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் கேட்கிறதா? அப்படியானால் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உடைந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏன் உடைந்தது என்று கேளுங்கள். மிஸ்ஃபயர் ஆகி (இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் போய்), எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் இவற்றின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். ஸ்கேனரில் பி0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு) என்று வந்தால்கூட உடனே கன்வர்ட்டர்தான் என்று முடிவுகட்ட முடியாது; குழாயில் கசிவு இருந்தாலும் அந்தக் குறியீடு வரும்.

இன்னொன்று, பில் போடும்போது பலர் கேட்க மறப்பது: பழைய கன்வர்ட்டர் எங்கே? அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழையதற்கு விலை உண்டு. அது உங்கள் பொருள். கழித்துக் கொடுக்கிறார்களா, கையில் தருகிறார்களா என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்கிறது. சில நிமிடத்தில் தானாகப் போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் டேப்பெட் (வால்வைத் திறக்க உதவும் பாகம்) சத்தமாக இருக்கலாம். ஆயில் சரியென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்) பார்க்க வேண்டும்: இடையில் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது பிடித்திருக்கும் ஸ்டட் ஒடிந்து சிறு இடைவெளி விழுந்திருக்கும். சூடானதும் உலோகம் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது, சத்தமும் போய்விடுகிறது. சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்ற வைக்கும்.

மைலேஜைவிடக் கவலைப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, அதனால் 'உள்ளே புகை நாறவில்லையே' என்பது ஆறுதல் ஆகாது. மூடிய ஷெட்டுக்குள் இந்த வண்டியை ஓடவிடவே கூடாது. வண்டிக்குள் தலைவலி, மயக்கம் வந்தால் இன்ஜினை அணைத்து உடனே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: ஐடிலில் 'புட்… புட்' என்று விட்டுவிட்டு வருகிறது.

பதில்: வெளிக்குழாய் முனைக்கு நேரே, ஒட்டாமல், ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். சீராகப் படபடத்தால் நல்லது. இடையிடையே தடுமாறினால் மிஸ்ஃபயர் இருக்கலாம். குழாய்ப் பக்கமே இழுபட்டால் வால்வு வரை பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், கன்வர்ட்டருக்கு ஆபத்து.

கேள்வி: அணைத்த பிறகு அடியில் 'டக் டக்' சத்தம், ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தண்ணீர் சொட்டு. பழுதா?

பதில்: இரண்டும் இயல்புதான். சூடான குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம் அது. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். குளிர்ந்த குழாயில் பட்டு அது தண்ணீராகிறது. கூலன்ட் குறைந்துகொண்டே போய், வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.